மலையேறாத சட்டம்

சேலத்து வெயிலில் காய்ந்தவன் ஏற்காட்டு மலைப்பாதையில் கால் வைத்ததும் களிப்படைகிறான். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்கிறது. ஒவ்வொரு வளைவிலும் கீழேயுள்ள ஊர் சிறுத்துப் பொம்மையாகிறது. மேலே ஏரி, ஏரியைச் சுற்றிக் காடு, காட்டை அழித்து எழுந்த காபித் தோட்டம், அதில் சில்வர் ஓக் மரங்களின் மீது படர்ந்த மிளகுக்கொடி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இத்தனை எழில்! சேர்வராயன் மலையைக் கண்டு மகிழ ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் பேர் ஏறிச் செல்கின்றனர். மோட்டார் ஏறுகிறது. மின்சாரம் ஏறிற்று. தேர்தல் காலத்தில் வாக்குப்பெட்டியும் தவறாமல் ஏறுகிறது. ஏறாத ஒன்று உண்டு. அது, மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் சமபங்கு என்னும் சட்டம்!

'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்று நாட்டில் சொல்வழக்கு உண்டு. பெண்ணுக்குச் சொத்தில்லை என்ற காலம் மலையேறிவிட்டது என்று நாமும் மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். உண்மைதான், அந்தக் காலம் மலையேறித்தான் விட்டது. ஏறிய இடத்திலேயே குடியும் இருக்கிறது! மலையடிவாரத்துச் சிற்றூரில் பிறந்த மகள் தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டால் வழக்குரைஞர் புத்தகத்தைத் திறந்து, 'உண்டு' என்கிறார். மலைமேல் பிறந்த மகள் அதே கேள்வியைக் கேட்டால் அதே புத்தகத்தின் தொடக்கத்தைக் காட்டி, 'இந்தச் சட்டம் உனக்கு இல்லை' என்கிறார். ஏன் இந்த வேற்றுமை? இதை ஆக்கியவர் யார்? இதன் வரலாறு என்ன? இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டால், சட்டத்தின் வரலாற்றை மட்டுமன்றிச் சட்டப் புத்தகம் எழுதியவர்களின் வரலாற்றையும் நாம் புரட்டவேண்டியிருக்கிறது.

குடும்ப வழக்கு என்பது விந்தையான வழக்கு. திருட்டு வழக்கில் சாட்சி பேசும். கடன் வழக்கில் பத்திரம் பேசும். குடும்ப வழக்கில், பல தலைமுறைக்கு முன் யாரோ எழுதி வைத்த ஏடு பேசும். அந்த ஏட்டைத் தேடி எடுப்பவர், பெயர்ப்பவர், உரை எழுதுபவர் யாரோ அவர் கையில் குடும்பத்தின் தலைவிதி இருக்கும். ஆகவே குடும்ப வழக்கில் வல்ல வக்கீல் எழுதும் நூல் வெறும் நூலன்று. நீதிபதி அதைத் தீர்ப்பில் எடுத்தாளுகிறார். அடுத்த நீதிபதி அந்தத் தீர்ப்பை எடுத்தாளுகிறார். அதற்கடுத்த பதிப்பில் அந்தத் தீர்ப்பே நூலுக்குச் சான்றாக ஏறிக்கொள்கிறது. நூல் தீர்ப்பை ஈனுகிறது. தீர்ப்பு நூலை வளர்க்கிறது. இந்த வட்டத்திற்குள் நுழைந்த வழக்கம் வாழ்ந்தது. நுழையாத வழக்கம் மாய்ந்தது.

இந்த வட்டம் எப்போது தொடங்கிற்று? 1772இல் வங்கத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித் திட்டத்தில், இந்துக்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றைச் சாத்திரப்படி தீர்க்கவேண்டும் என்று முடிவாயிற்று. சாத்திரம் வடமொழியில், நீதிபதியோ ஆங்கிலேயர். இடைவெளியை நிரப்ப நூல்கள் எழுந்தன. 1776இல் ஹால்ஹெட் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1794இல் வில்லியம் ஜோன்ஸ் மனுநூலை ஆங்கிலமாக்கினார். 1810இல் கோல்புரூக், மிதாட்சரம், தாயபாகம் என்னும் இரு நூல்களின் வாரிசுரிமைப் பகுதிகளை மொழிபெயர்த்தார். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதியாக 1801இல் அமர்ந்த தாமஸ் ஸ்ட்ரேஞ்ச், பணியிலிருந்து ஓய்ந்தபின் 1825இல் இந்துச் சட்டத்தின் அடிப்படைகளைப் பற்றி நூல் எழுதினார். இவர்களுடைய உழைப்பை நாம் இகழவில்லை. கற்றவர்கள்தாம், கடுமையாக உழைத்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் கையில் கிடைத்தவை ஏடுகள். ஏடு வைத்திருந்தவர்களோ நாட்டில் மிகச் சிலர். ஏரோட்டியவனிடம், கல் உடைத்தவனிடம், காடு திருத்தியவனிடம் ஏடில்லை, வழக்கமே இருந்தது. 'உன் வீட்டில் எப்படி?' என்று அவனை யார் கேட்டார்?

கேட்டது ஒருமுறை, வெகுதொலைவிலிருந்து! இராமநாதபுரம் சேதுபதியின் விதவை ராணி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவன் உயிரோடிருந்தபோது அனுமதி தராத நிலையில் விதவை தத்தெடுக்கலாமா என்று வழக்கு மூண்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1868இல் பிரிவி கவுன்சில் தத்து செல்லும் என்று தீர்த்தது. அத்தோடு ஒரு பெருங்கோட்பாட்டையும் சொல்லிற்று: தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம், எழுதி வைத்த ஏட்டைவிட வலியது என்பதே அது.

ஆகா, ஏட்டை வழக்கம் வென்றுவிட்டது என்று கைகொட்டத் தோன்றும். சற்றுப் பொறுக்கவேண்டும். 'மெய்ப்பிக்கப்பட்ட' என்ற சொல்லில் இருக்கிறது சூட்சுமம். ஏட்டை நம்பி வருபவன் எதையும் மெய்ப்பிக்கவேண்டியதில்லை. புத்தகத்தைப் புரட்டினால் போதும். வழக்கத்தை நம்பி வருபவனோ அது பழமையானது, இடையறாதது, ஐயமற்றது, அறத்துக்கு மாறாகாதது என்று சாட்சி மேல் சாட்சியாகக் கொணர்ந்து காட்டவேண்டும். சேதுபதியின் குடும்பத்துக்கு அது இயலும். பெரிய வக்கீல்களை அமர்த்தலாம், இலண்டனுக்கும் போகலாம். ஒரு காணி நிலத்துக்காரனுக்கு இயலுமா? ஆண்டான் வழக்கம் ஏறிற்று. ஆண்டியின் வழக்கம் வாசலிலேயே நின்றது.

இந்த அநீதியை எடுத்துரைக்க ஓர் ஆங்கிலேய நீதிபதியே எழுந்தார் என்பது வரலாற்றின் வியப்பு. பெயர் ஜேம்ஸ் ஹென்றி நெல்சன். மதுரை நாட்டைப் பற்றி 1868இல் பெருநூல் எழுதியவர். ஊர் ஊராகத் திரிந்து மக்களைக் கண்டவர். 1877இல் அவர் வெளியிட்ட நூல், சென்னை உயர்நீதிமன்றம் வழங்கும் இந்துச் சட்டத்தையே குற்றக்கூண்டில் நிறுத்தியது. தமிழ்நாட்டுப் பெருவாரியான மக்கள் வடமொழிச் சாத்திரத்தைக் கேட்டதுமில்லை, அதன்படி வாழ்ந்ததுமில்லை; அவர்கள் தலையில் அதைச் சுமத்துவது எந்த நியாயம் என்று கேட்டார். அந்தந்த மக்களின் வழக்கத்தைக் கேட்டறிந்து அதன்படி தீர்ப்பளியுங்கள் என்றார். 1881இலும் 1887இலும் மீண்டும் நூல்கள் எழுதி வாதாடினார்.

விடை என்ன வந்தது? உயர்நீதிமன்ற நீதிபதி இன்னஸ், 1882இல் ஆளுநருக்கு எழுதிய மடல் வடிவில் மறுப்பு நூலே வெளியிட்டார். இத்தனை ஆண்டுகளாக உறுதிப்பட்டுவிட்ட தீர்ப்புகளை அசைக்கலாகாது என்பது அந்தத் தரப்பின் வலுவான வாதம். அதாவது, தவறே ஆயினும் நெடுநாள் நின்றுவிட்டால் அது முறையாகிவிடும்! முட்செடியை இளமையில் களையவில்லை. முற்றியபின் களைந்தால் கை நோகும். ஆகவே நிற்கட்டும் என்பது போன்ற நியாயம் இது. இன்னொருபுறம் பார்த்தால், அந்தத் தீர்ப்புகளை நம்பி நிலம் வாங்கினோர், விற்றோர், மணம் முடித்தோர் பல்லாயிரவர் இருந்தனர் என்பதும் மெய்யே. எதிர்த்தரப்பின் பேச்சிலும் பொருள் இருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் நெல்சன் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது.

இந்த இருவருக்கும் இடையே நின்றவர் ஜான் டாசன் மெய்ன். சென்னையில் பெயர்பெற்ற பாரிஸ்டர். நீதிமன்றத்தில் நின்று வாதாடிப் பெற்ற பட்டறிவை நூலாக்கியவர். 1878இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரிலேயே 'இந்துச் சட்டம்' என்பதோடு 'வழக்கம்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். இந்துச் சட்டத்தின் வேர், பார்ப்பனியத்துக்கு முற்பட்ட பழைய வழக்கங்களில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அந்நூல் நிலைத்தது. அவர் மறைந்தபின்னும் பதிப்பு மேல் பதிப்பாக வளர்ந்தது. காங்கிரசுத் தலைவராக விளங்கிய வக்கீல் எஸ். சீனிவாச ஐயங்கார் போன்றோர் அதைத் திருத்திப் பெருக்கினர். இன்றும் குடும்ப வழக்கு நடத்தும் வக்கீல்களின் அலமாரியில் மெய்ன் இருக்கிறார். நெல்சனோ மறக்கப்பட்டார். மெய்னின் நூலில் 'வழக்கம்' தலைப்பில் ஏறிற்று. ஆனால் எந்த ஊரின் வழக்கம், எந்த மக்களின் வழக்கம் என்று பட்டியல் எடுக்கும் வேலை நின்றுபோயிற்று.

தமிழனுக்கு வழக்கத்தை எழுதி வைக்கத் தெரியாதா? தெரியும். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். டச்சுக்காரர் ஆட்சியில், அங்கு நெடுநாள் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அந்நாட்டுத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்தார். தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டினர். அவர்கள் படித்துப் பார்த்துச் சரியென்றபின் அது தேசவழமை ஆயிற்று. மகளுக்குச் சீதனம் எது, மகனுக்கு முதுசம் எது, இருவரும் வாழும்போது தேடிய தேட்டம் எது என்று தமிழ்ச் சொல்லாலேயே வகுத்தனர். 1806இல் ஆங்கிலேயரும் அதை ஏற்றனர். குறை இல்லாத நூல் என்று நாம் சொல்லவில்லை. அடிமை முறையைப் பேசும் பகுதியும் அதில் இருந்தது. கேட்கப்பட்ட பன்னிருவரில் பெண் ஒருத்தியும் இல்லை. ஆனால் மக்களின் வழக்கம் மக்களின் மொழியில் ஏடேறியது.

இங்கும் ஒரு தமிழர் முயன்றார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. முதல் தமிழ்ப் புதினம் எழுதியவர் என்றே பலரும் அவரை அறிவர். அவர் செய்த இன்னொரு பணி உண்டு. 1805 முதல் 1861 வரை வெளிவந்த சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத வழக்காளியும் தன் வழக்கின் நியாயத்தைத் தானே படித்தறியட்டும் என்பது அந்த முயற்சியின் பயன். பெண்கல்வி பற்றி 1869இலேயே நூல் எழுதியவர் அல்லவா, அந்த நெஞ்சு வேறெப்படி நினைக்கும்! அவருக்குப்பின் அந்த வழியில் பெருங்கூட்டம் செல்லவில்லையே என்பதுதான் நம் குறை.

இனி மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்தார் அல்லர், மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டிலிருந்து பார்த்தால் அவர்களுடைய ஊர்கள் சிதறிக் கிடப்பது தெரியும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொணர்ந்தார். பின்னர்த் தோட்டம் விரிந்தது, துரைமார் வந்தனர், மாளிகை எழுந்தது. காபிக்கு ஏக்கர் கணக்கு எழுதப்பட்டது. மலையாளியின் குடும்ப முறைக்கு?

அதுவும் எழுதப்பட்டது, வேடிக்கைப் பொருளாக! 1883இல் லெ பானு தொகுத்த சேலம் மாவட்டக் குறிப்பேட்டில் மலையாளிகள் வருகின்றனர். 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் வருகின்றனர். 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரில் வருகின்றனர். அவர்கள் திருமணம் எப்படி, விதவை மறுமணம் உண்டா, பஞ்சாயத்து எப்படிக் கூடும் என்றெல்லாம் குறித்தனர். சமவெளியில் உயர்ந்த சாதியார் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் விதவையின் தலையை மழித்து மூலையில் உட்கார்த்திய காலத்தில், இந்த மலையில் விதவைக்கு மறுமணம் இருந்தது! நாகரிகம் எது, காட்டுத்தனம் எது? எழுதியோர் அதைக் கேட்கவில்லை. அவர்கள் வழக்குரைஞர்கள் அல்லர். உரிமையைத் தேடி எழுதவில்லை, விவரம் திரட்டவே எழுதினர். மகள் நிலம் கேட்டால் ஊர் என்ன சொல்லும், விதவை தனித்து உழலாமா, பிரிந்து வந்தவளுக்கு என்ன பங்கு என்பனவற்றை நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு யாரும் தொகுக்கவில்லை.

இந்த நிலையில் நாடு விடுதலை பெற்றது. 1955இல் இந்துத் திருமணச் சட்டமும் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தன. இரண்டிலும் இரண்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒன்றைச் சொல்கிறது: நடுவண் அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் செல்லாது. பழங்குடி வழக்கத்தை மேட்டுக்குடிச் சட்டம் விழுங்கிவிடக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நல்ல எண்ணந்தான். ஆனால் காப்பாற்றப்படும் வழக்கம் எதுவென்று எந்த ஏட்டிலும் தெளிவாக இல்லை! பூட்டு போட்டனர், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் பார்க்கவில்லை.

இதற்கிடையே சமவெளியில் பெருமாற்றம் நிகழ்ந்தது. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமசொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அறுபது ஆண்டு கழித்துத் தமிழ்நாடு அரசு, 1989 மார்ச் 25 முதல் செல்லுமாறு, அன்று மணமாகாதிருந்த மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுமைக்கும் அது விரிந்தது. வெற்றி முரசு கொட்டினோம். அந்த முரசொலி இருபது வளைவுகளையும் தாண்டவில்லை. திருத்தப்பட்டது வாரிசுரிமைச் சட்டம். அந்தச் சட்டமே மலையாளிகளுக்கு இல்லை. பிறகு திருத்தம் எங்கே போய்ச் சேரும்?

புத்தகத்தில் இல்லாத வழக்கம் நீதிமன்றத்தில் என்ன பாடுபடும் என்பதை நாமே பட்டு உணர்ந்தவர்கள். 1934இல் புரோகிதரின்றி நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. சாத்திரச் சடங்கும் இல்லை, பழமையான வழக்கம் என்ற மெய்ப்பும் இல்லை; ஆகவே செல்லாது என்றது தீர்ப்பு. ஊரறிய மாலை மாற்றி வாழ்ந்த இல்லறங்கள் எத்தனை எத்தனை! ஒரு தீர்ப்பில் அத்தனை தாய்மார்களும் மனைவியர் அல்லர் என்றாயிற்று. இந்தக் கொடுமையைத் தீர்த்தது எது? புத்தகமன்று, சட்டமன்றம்! அண்ணாவின் அரசு இயற்றிய 1967ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கிற்று. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் வலிமையை மீண்டும் உறுதிசெய்தது. வழக்கத்தைப் புத்தகம் கைவிட்டால் சட்டம் தாங்கவேண்டும் என்பது இதன் பாடம்.

மலைமகளுக்கும் அந்தப் பாடம் பொருந்தாதா? நீதிமன்றங்கள் உணரத் தொடங்கியிருக்கின்றன. 2022 டிசம்பர் 9ஆம் நாள், ஒடிசாவின் பழங்குடிப் பெண் ஒருத்தியின் வழக்கில், சட்டம் குறுக்கே நிற்பதால் தன்னால் பங்கு தர இயலவில்லை என்ற உச்ச நீதிமன்றம், அந்த விலக்கை மாற்ற ஆராயுமாறு நடுவண் அரசுக்குச் சொல்லிற்று. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம், மலையாளிக் குடும்பத்துத் தாய்க்கும் மகளுக்கும் சமபங்கு உண்டென்று தீர்த்து, வேண்டிய அறிவிக்கையைப் பெறத் தமிழ்நாடு அரசு முனையவேண்டும் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பெண்ணை விலக்கும் வழக்கம் மெய்ப்பிக்கப்படாத நிலையில் அவளுக்குப் பங்கு மறுப்பது சமத்துவத்துக்கு மாறு என்றது. அதே ஆண்டு அக்டோபரிலோ, வாரிசுரிமைச் சட்டத்தைப் பழங்குடியினர்மீது நீதிமன்றமே விரித்துவிட முடியாது என்றும் கூறிற்று. ஒரு கதவு திறக்கிறது, மறுகதவு சாத்துகிறது. ஒருத்தி வென்றால் அது அவளுக்கு வெற்றி. அடுத்தவள் மீண்டும் முதலிலிருந்து வழக்காடவேண்டும். மலையிலிருந்து இறங்கி வர, வக்கீலை அமர்த்த, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க அவளிடம் என்ன இருக்கிறது? இருந்த நிலமே வழக்கில்!

'பெண்ணுக்குப் பங்கு தந்தால் மலை நிலம் வெளியார் கைக்குப் போய்விடுமே' என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சத்தை நாம் எள்ளவில்லை. நிலத்தை இழந்த மக்களின் அச்சம் அது. ஆனால் ஒன்று கேட்கிறோம். மகன் விற்றால் நிலம் போகாதா? மலை நிலம் வெளியாரிடம் செல்லாமல் காக்க அதற்கென்று சட்டம் இயற்றலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொதுவாகட்டும். மகளின் உரிமையை வேலியாக நட்டு மகனின் நிலத்தைக் காப்பது என்ன முறை?

ஆகவே அரசுக்கு ஒரு சொல்: நடுவண் அரசின் அறிவிக்கையைக் கேட்டுப் பெறவேண்டும். ஏற்காடு பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. அதன் குரல் சட்டமன்றத்தில் இதற்காக ஒலிக்கட்டும்.

குடும்ப வழக்கில் வல்ல வழக்குரைஞர்களுக்கு இன்னொரு சொல். நீங்கள் நூல் எழுதுகிறீர்கள். ஆயிரம் தீர்ப்பைத் திரட்டுகிறீர்கள். ஒருமுறை மலையேறி வாருங்கள். ஏரியைப் பார்த்துத் திரும்பாமல், ஊர்க்கவுண்டரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், களத்துமேட்டில் கேழ்வரகு புடைக்கும் பெண்ணிடம் கேளுங்கள்: உன் தாய்க்கு என்ன கிடைத்தது? உனக்கு என்ன வேண்டும்? எந்த வழக்கம் உன்னை வாழ வைத்தது, எது உன்னை வாட்டியது? அவள் சொல்வதைத் தமிழில் எழுதுங்கள். வாழ வைத்ததைக் காக்கவும், வாட்டியதை நீக்கவும் அந்த ஏடு பயன்படும். யாழ்ப்பாணத்தில் கேட்கத் தவறியதை இங்கே கேட்டவர்கள் ஆவீர்கள். நெல்சன் கேட்டுத் தோற்ற கேள்விக்கு விடை கண்டவர்கள் ஆவீர்கள்.

ஏடு வைத்திருந்தவன் வழக்கம் சட்டமாயிற்று; ஏடில்லாதவள் வழக்கில் தோற்றாள். இனி அவள் பெயரும் ஏட்டில் ஏறட்டும். காபி ஏறிய மலை, காரேறிய மலை, நீதி ஏறுவதற்கு மட்டும் செங்குத்தா?